அரை டிக்கெட்

ராயக்கோட்டை சாலை ஸ்கேன் மையத்தில்
விலாவில் தடவிய பசை
ஐப்பசிக் கிணற்றுப் படிபோல் குளிர்ந்தது.
திரையைப் பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை,
பார்த்தேன்.
சின்னதும் பெரிசுமாய் நீர்க்கட்டிகள்.
வலப்பக்கம் எண்ணினாள் அந்தப் பெண்,
இடப்பக்கம் எண்ணவில்லை.

அப்பா நாற்பத்தொன்பதில் போனார்.
அப்போது தண்ணீரைச் சொன்னார்கள்.
எங்கள் ஊர்த் தண்ணீர் எந்தப் பழியையும் ஏற்கும்:
பல்லில் பழுப்பு விழுந்தாலும் அதுதான்,
முட்டி மடங்காமல் போனாலும் அதுதான்.
தண்ணீருக்கு அடுத்து அம்மாவைச் சொன்னார்கள்,
அவள் கை உப்பை.
ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்த பின்னும்
அண்ணன் முனிரத்தினத்துக்குக் கால் வீங்கியபோது
அத்தை அந்த உப்பு ஜாடியைத் தூக்கிக்
கொல்லையில் கவிழ்த்தாள்.

அண்ணன் இப்போது
செவ்வாயும் வெள்ளியும் பெரியாஸ்பத்திரியில்
நாலு மணி நேரம் படுத்திருக்கிறான்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம்
டாக்டர் இரண்டு கோடு போட்டார்.
அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று.
இந்த நோய்க்குப் பழுதானது ஒன்றே போதும்.
அம்மாவின் கோட்டைத் தொட்டுக் கேட்டேன்.
அது நல்லதுதான், இருக்கிறது,
ஆனால் அதன் பேச்சு எடுபடாது என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் வீட்டை இவர் எப்போது பார்த்தார்?

சந்தூரில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவள் நான்.
ஒரு நாளைக்கு முந்நூறு முடிப்பேன்.
தாய்மரத்துக் குச்சி செந்தூரா என்றால்
காய்ப்பதும் செந்தூரா,
பூவா தலையா என்ற பேச்சே கிடையாது.
கொட்டையில் முளைத்ததைத்தான்
யாரும் நம்பி வாங்குவதில்லை.
நாங்கள் நாலு பேரும் கொட்டையில் முளைத்தவர்கள்.

தங்கை தாயம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்:
பாதிக்குப் பாதி என்றால் நாலில் இரண்டு,
அண்ணனும் அக்காவும் ஆயிற்று, கோட்டா முடிந்தது.
டாக்டர் இல்லை என்று தலையாட்டினார்.
ஒவ்வொரு கருவுக்கும் காசு புதிதாகச் சுண்டப்படும்,
முன்னால் என்ன விழுந்தது என்று
காசுக்குத் தெரியாது.
தாயம்மா படுத்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை.
அவள் பிள்ளைகளுக்கும் இல்லை,
தாண்டிக் குதித்து வராதாம்.
வெளியே வந்தவள் என் முகம் பார்க்க வெட்கப்பட்டு
செருப்பைத் தேடுவதுபோல் நெடுநேரம் குனிந்திருந்தாள்.
தம்பி சின்னப்பன் ஓசூரில்
நைட் ஷிப்ட் என்கிறான்.
நாலு மாசமாக நைட் ஷிப்ட்.

அம்மாவிடம் சீட்டைக் காட்டினேன்.
உப்பு இல்லை, தண்ணீர் இல்லை, நீ இல்லை என்றேன்.
சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.
தன் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.
"நான் குடுத்தது ஒண்ணுகூடவா புடிக்கல?"
ஒட்டு பிடிக்காத கன்றிடம்
நானும் இதே குரலில்தான் கேட்பேன்.

இன்று பிள்ளைகளைக் கூட்டிப்போய்
பிரஷர் மட்டும் பார்த்தோம்.
ஸ்கேன் இப்போது வேண்டாம்,
வளர்ந்து அவர்களே கேட்கட்டும் என்றார்கள்.
திரும்பும் பஸ்ஸில்
எனக்கும் தாட்சாயணிக்கும் இலவசம்,
மாதேஷுக்கு அரை டிக்கெட்,
மீதி ஒரு இரண்டு ரூபாய்க் காசு.
ஜன்னல் சீட்டுக்குச் சுண்டினேன். அவனுக்கு விழுந்தது.
அவள் ஒத்துக்கொள்ளவில்லை, இன்னொரு தடவை. அவனுக்கே.
"ரெண்டு தடவ அவனுக்கு விழுந்துடுச்சு,
இனிமே எனக்குத்தாம்மா விழும்,
சுண்டு."

காசு உள்ளங்கையில் சூடேறியிருந்தது.
மூன்றாவது தடவை நான் சுண்டவில்லை.
நகர்ந்து உட்காருங்கள் என்றேன்.
ஒரே ஜன்னலில் இரண்டு தலை,
காற்றில் முடி கலைந்து
எது யாருடையது என்று தெரியாமல்.